மில்லிங் மெஷினின் சத்தமும் வியாபாரியின் நாணயமும்

பழைய இயந்திரம் வாங்கி விற்போருக்கு ஒரு பாடம்



வெள்ளி டாலர் புழங்கிய காலத்தில் நம் பெரியவர்கள் பணம் மாற்றும் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கைக்கு வந்த நாணயத்தைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல வெள்ளி ‘கணீர்’ என்று ஒலிக்கும். ஈயம் கலந்தது ‘டொக்’ என்று விழும். கண் ஏமாறினாலும் காது ஏமாறாது. சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மார்களும் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆகவே ஓசையைக் கொண்டு பொருளின் தரத்தை அறிவது நமக்குப் புதிய வித்தை அன்று. அந்த வித்தையை ஓர் இயந்திரத்தின்மீது எப்படிப் பிரயோகிப்பது என்பதே இந்தப் பாடத்தின் விஷயம்.

மசாலா, துணி, பணமாற்று, கப்பல் சாமான் என்று நடந்துவந்த பினாங்கு வியாபாரத்தில் இயந்திரம் எப்படி நுழைந்தது என்று சிலர் கேட்கலாம். 1969-இல் நமது தீவு சுங்கமில்லாத் துறைமுகம் என்னும் தகுதியை இழந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்கு வேண்டிய அச்சுகளையும் உதிரிப் பாகங்களையும் செய்து கொடுக்கச் சிறு பட்டறைகள் பல தோன்றின. பட்டறைகள் இருக்குமிடத்தில் பழைய இயந்திரம் கைமாறுவது இயல்பு. ஒருவர் கணினியால் இயங்கும் புதியதை வாங்குகிறார். அவருடைய பழையது இன்னொரு இளைஞரின் முதல் மூலதனமாகிறது. இடையில் நிற்பவர் வியாபாரி. தாம் விற்கும் பொருளின் குறை நிறை அறியாத வியாபாரி, ஏமாறுவார். அல்லது தம்மை அறியாமலே பிறரை ஏமாற்றுவார்.

இயந்திரத்தின் தலை

பட்டறைகளில் அதிகம் காணப்படும் செங்குத்து மில்லிங் மெஷின், அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1938-இல் விற்பனைக்கு வந்த மாதிரியைப் பின்பற்றியது. ருடால்ஃப் பான்னோ, மாக்னஸ் வால்ஸ்ட்ராம் என்னும் இருவர் நடத்திய அந்த ஸ்தாபனம், முதலில் பிற இயந்திரங்களில் பொருத்தும் தலையை மட்டும் செய்துவந்தது. பிறகே முழு இயந்திரம் செய்தது. அதே அமைப்பில் தைவான் முதலிய நாடுகளில் செய்த இயந்திரங்களும் ஏராளம். தலைதான் இதன் உயிர்நிலை.

தலையின் உச்சியில் மோட்டார். மோட்டாரின் புல்லியிலிருந்து பெல்ட் ஒன்று ஸ்பிண்டில் புல்லியைச் சுழற்றுகிறது. ஸ்பிண்டில் என்பது வெட்டுளியைப் பிடித்துச் சுழலும் தண்டு. அது குவில் என்னும் குழலுக்குள் பேரிங்குகள்மீது நிற்கிறது. கைப்பிடியை இழுத்தால் குவிலும் ஸ்பிண்டிலும் சேர்ந்து கீழே இறங்கும். இறங்கும்போதும் சுழற்சி தடைப்படாதிருக்க, ஸ்பிண்டிலின் மேற்பகுதியில் நீளவாக்கில் வரிப்பற்கள் வெட்டியிருப்பார்கள். அவை புல்லியின் உட்புறப் பற்களில் வழுக்கிச் செல்லும். மெதுவான வேகம் வேண்டுமானால் ‘பேக் கியர்’ என்னும் பல்சக்கரங்களை இணைக்க வேண்டும். ஆக, சத்தம் பிறக்கும் இடங்கள் ஐந்து: மோட்டார், பெல்ட்டும் புல்லியும், பல்சக்கரம், வரிப்பற்கள், ஸ்பிண்டில் பேரிங்.

சோதிப்பதற்கு முன்

முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். தளர்ந்த மூடி, போல்ட், கைப்பிடி ஆகியவற்றை இறுக்குங்கள். ஸ்பிண்டிலின் நடுவே மேலிருந்து கீழ்வரை செல்லும் இழுவைக் கம்பி தளர்ந்திருந்தாலே தலை முழுவதும் கடகடவென்று அதிரும். இதை அறியாமல் தலையைப் பிரித்து ஒரு நாள் வேலையை வீணாக்கியவர்கள் உண்டு. சரிபார்த்து முடிந்ததும் இறுக்கும் ஸ்பானரை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அதை மாட்டியபடியே சுவிட்சைப் போட்டால் அது பறந்துவந்து ஆளை அடிக்கும்.

தொங்கும் சட்டைக்கை, கழுத்துத் துண்டு, கையுறை ஆகியவற்றுடன் சுழலும் பாகத்தின் அருகில் போகக் கூடாது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சுழலாத வெளிக்கூட்டில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால், வைத்தியர் குழாய் வைத்துக் கேட்பதுபோல் உள்ளோசை தெளிவாகக் கேட்கும்.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே சோதிக்க வேண்டும். வாங்கப் போகிறவர் சுவிட்சைப் போடுமுன் மோட்டாரையும் குவிலின் அடியையும் தொட்டுப் பார்க்கட்டும். ஏற்கெனவே சூடாயிருந்தால், நீங்கள் வருமுன் ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஏன் என்று கேட்பது தவறாகாது.

ஆறு சோதனைகள்

முதலாவது: முழு வேகத்தில் ஓடவிட்டுச் சுவிட்சை அணையுங்கள். அணைத்த அக்கணமே சத்தம் மறைந்தால் அது மின்சாரத்தால் வந்தது. மோட்டாரின் சுருளையும், மூன்று பேஸும் சரியாக வருகின்றனவா என்பதையும் மின் தொழிலாளர் பார்க்க வேண்டும். அணைத்த பிறகும் சுழற்சி தளரத் தளரச் சத்தமும் தளர்ந்துகொண்டே போனால், அது பாகங்களின் சத்தம்.

இரண்டாவது: பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் மோட்டாரின் பேரிங், விசிறி, புல்லி ஆகியவற்றில் குற்றம். தலையைத் தொட வேண்டியதே இல்லை. வேகத்தைச் சக்கரத்தால் கூட்டிக் குறைக்கும் தலைகளில் பெல்ட் உள்ளே இருப்பதால், இச்சோதனையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

மூன்றாவது: பெல்ட்டை மாட்டி, நேர் ஓட்டத்துக்கும் பேக் கியருக்கும் நடுவே ஸ்பிண்டில் தனித்து நிற்கும் நிலையில் வைத்து ஓட்டுங்கள். இப்போது புதிதாகத் தோன்றும் சத்தம் பெல்ட், புல்லி, புல்லியைத் தாங்கும் பேரிங் இவற்றினுடையது.

நான்காவது: இயந்திரத்தை நிறுத்தி நேர் ஓட்டத்தில் இணைத்து ஓட்டுங்கள். குவிலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஏற்றத்தாழ்வுக்கேற்பச் சத்தம் மாறினால் வரிப்பற்கள் தேய்ந்திருக்கின்றன. மாறாமல் கரகரவென்று இருந்தால் ஸ்பிண்டில் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

ஐந்தாவது: மறுபடி நிறுத்தி பேக் கியரில் போட்டு ஓட்டுங்கள். இதில் ஓரளவு இரைச்சல் சகஜம். சீரான ‘கிர்ர்’ ஓசை குற்றமன்று. ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’ என்று கேட்டால் ஒரு பல் உடைந்தோ நசுங்கியோ இருக்கும். இவ்வகைத் தலைகள் பலவற்றில் பேக் கியர் போட்டால் ஸ்பிண்டில் எதிர்த்திசையில் சுழலும். அது பழுது அன்று. மோட்டாரின் திசையைச் சுவிட்சில் திருப்பிக்கொண்டால் போதும்.

ஆறாவது: அரைமணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, குவிலின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் கெட்டிருக்க வேண்டும். அல்லது கிரீஸ் அளவுக்கு மிஞ்சியிருக்க வேண்டும். அல்லது இறுக்கம் கூடியிருக்க வேண்டும். ஸ்பிண்டிலைத் தனித்து விட்டுக் கையால் மெல்லச் சுழற்றும்போது மணல் அரைபடுவதுபோல் விரலுக்குத் தட்டினால் ஐயம் தீர்ந்தது. டயல் கேஜ் வைத்து ஸ்பிண்டிலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்தால் தளர்ச்சி எவ்வளவு என்பதும் தெரியும்.

ஓசைகளின் பொருள்

‘பட் பட்’ என்று சீராக அடிப்பது பெரும்பாலும் பெல்ட். நெடுநாள் ஓடாமல் நின்ற இயந்திரத்தில் பெல்ட் புல்லியின் வளைவிலேயே இறுகிப் போய்விடும். ஓடும்போது அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு தட்டுக் கேட்கும். இதைக் கணக்குப் போட்டும் உறுதி செய்யலாம். உதாரணமாக, பெல்ட்டின் நீளம் 1 மீட்டர், மோட்டார் புல்லியின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்போம். புல்லியின் சுற்றளவு 314 மில்லிமீட்டர். பெல்ட் ஒரு முறை சுற்றிவரப் புல்லி ஏறக்குறைய 3.2 முறை சுழல வேண்டும். மோட்டார் நிமிஷத்துக்கு 1,400 சுற்று என்றால் பெல்ட் 440 முறை சுற்றும். அதாவது வினாடிக்கு 7 தட்டு. மோட்டாரோடு ஒத்து அடித்தால் வினாடிக்கு 23 தட்டு. அது காதுக்குத் தனித்தனித் தட்டாக அன்றி ஒரே உறுமலாகக் கேட்கும்.

‘கீச்’ என்று புறப்படும்போது மட்டும் கத்துவது பெல்ட் வழுக்குவதால். கடகடப்பு என்றால் வரிப்பல், புல்லியின் சாவிக்கட்டை, பல்சக்கரம் இவற்றின் இடைவெளி. உலோகத்தில் சிறு வெட்டுக் கொடுத்தவுடன் கடகடப்பு அடங்கினால் இந்த முடிவு உறுதி. பாரம் ஏறியதும் பற்கள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்வதே காரணம். பாரம் ஏறியும் அடங்காது, வேகத்துடன் உயர்ந்துகொண்டே போகும் கரகரப்பு பேரிங்கினுடையது. வெட்டும்போது மட்டும் அலறி, சும்மா ஓடும்போது அமைதியாயிருந்தால் முதலில் வெட்டுளி மழுங்கியிருக்கிறதா, பொருள் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறதா, குவிலை அதிகம் இறக்கிப் பூட்டாமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தலையின்மீது வீண்பழி போடக் கூடாது.

நம் ஊருக்குரிய இரு காரணங்களையும் சொல்ல வேண்டும். ஒன்று, கடற்காற்றின் ஈரம். ஓடாமல் நிற்கும் பேரிங்கில் ஈரம் தங்கித் துருப்புள்ளி விழும். மற்றொன்று, கடற்பயணம். கப்பலிலும் லாரியிலும் வரும் இயந்திரம் சுழலாமல் நின்றபடியே நாள்கணக்கில் அதிர்கிறது. பேரிங்கின் குண்டுகள் ஒரே இடத்தில் உராய்ந்து, ஓடுபாதையில் வரிசையாகச் சிறு குழிகளை உண்டாக்கிவிடும். ஏற்றுமதி செய்த இடத்தில் ஓசையின்றி ஓடிய இயந்திரம் இங்கு இறங்கியதும் உறுமுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீர்க்கும் முறை

பெல்ட்டானால் புதிதாக மாற்றுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து ஓடுவதானால் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். தேய்ந்த சாவிக்கட்டையை மாற்றினால் பாதிக் கடகடப்பு ஒழியும். வேகத்தைச் சக்கரத்தால் மாற்றும் தலைகளில் புல்லித் தட்டுகளின் உள்ளே பிளாஸ்டிக் புஷ்கள் உண்டு. அவை தேய்ந்தால் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிப் பெருஞ்சத்தம் எழும். புஷ் சிறு சாமான்தான். அலட்சியம் செய்தாலோ புல்லியே பாழாகும்.

ஸ்பிண்டில் பேரிங்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அடியில் நிற்பவை சாய்வுத் தாங்கலுடைய துல்லியமான ஜோடிப் பேரிங்குகள். ஒரே பெட்டியில் ஜோடி சேர்த்து வருவதையே வாங்கி, பழையவை எந்த முகமாக நின்றனவோ அம்முகமாகவே மாட்ட வேண்டும். அளவு ஒத்துவருகிறது என்று சாதாரணப் பேரிங்கைச் சொருகினால் சில நாள் ஓடும். வெட்டிய பொருள் அளவில் நிற்காது. இடையிலுள்ள வளையங்களின் உயரத்தை மாற்றாதீர்கள். பேரிங்கின் இறுக்கம் அவற்றைப் பொறுத்தே அமைகிறது.

மாட்டும்போது சுத்தியலால் அடிக்கக் கூடாது. தண்டில் ஏற்றுவதானால் உள்வளையத்தையும், கூட்டில் இறக்குவதானால் வெளிவளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டும். குண்டுகளின் வழியாக அழுத்தம் சென்றால் புதிய பேரிங் மாட்டும்போதே கெட்டுவிடும். உள்வளையத்தை 80 முதல் 100 டிகிரி செல்ஷியஸ் வரை சூடாக்கினால் எளிதில் ஏறும். நெருப்பை நேராகக் காட்டாதீர்கள். காலி இடத்தில் நாலில் ஒரு பங்கு அல்லது சற்று மேலாக மட்டும் கிரீஸ் போதும். ஒரு வகைக் கிரீஸோடு மற்றொரு வகையைக் கலக்காதீர்கள். கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் சுழலவிடும் வழக்கம் அபாயகரமானது, குண்டுகள் சிதறக்கூடும். எல்லாம் மாட்டிய பிறகு குறைந்த வேகத்தில் தொடங்கி, சூட்டைப் பார்த்துப் படிப்படியாக வேகத்தை உயர்த்துங்கள்.

இயந்திரத்தை வாங்குகிறவருக்கு இரண்டு விதிகளைச் சொல்லிக் கொடுங்கள். பேக் கியர் நெம்புகோலை நின்ற பிறகே மாற்ற வேண்டும். வேகச் சக்கரத்தையோ ஓடும்போது மட்டுமே திருப்ப வேண்டும். இதை மாற்றிச் செய்வதால் கெட்ட தலைகள் அநேகம்.

மசாலா அரைக்கும் மில் வைத்திருப்பவர்களும் இப்பாடத்தைத் தமக்கில்லை என்று ஒதுக்க வேண்டாம். அங்கும் மோட்டார், பெல்ட், பேரிங்தான். ஒன்றை விலக்கி ஒன்றைக் கேட்கும் இதே முறை அங்கும் பயன்படும்.

மறைத்த சத்தம்

இனி, இக்கட்டுரைக்கு என்னைத் தூண்டிய சம்பவம். பழைய இயந்திரம் ஒன்றை நான் வாங்கினேன். விற்றவர் ஓட்டிக் காட்டியபோது பூனை நடப்பதுபோல் ஓடியது. இரண்டு வாரம் பட்டறையில் ஓடிய பிறகு ஓலமிடத் தொடங்கியது. மேல்மூடியைத் திறந்தால் பல்சக்கரக் கூடு முழுவதும் கெட்டியான கிரீஸ் அடைத்திருந்தது. அது உருகி ஒதுங்கியதும் உண்மைக் குரல் வெளிவந்துவிட்டது. பேரிங்கும் தேய்ந்தது, பல்லும் தேய்ந்தது.

அப்போது எனக்கு வேண்டிய ஒருவர் யோசனை சொன்னார்: “நீங்களும் அதே கிரீஸை அடைத்துக் கைமாற்றி விடுங்கள். புதிதாகப் பட்டறை வைக்கும் பையன் ஒருவன் தேடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு என்ன தெரியப் போகிறது?” நஷ்டத்தில் இருந்தவன் காதுக்கு அது இனிமையாகத்தான் கேட்டது. ஓர் இரவு முழுவதும் அதை எண்ணிப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்த வரலாறு நாம் அறிந்தது. பால் அதிகமென்று காட்ட, கறக்காமல் மடியைக் கட்டி வைத்துக் கால்நடையை விற்பதையும் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர் மூன்று நாளுக்குள், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் உரிமை தந்தார்கள். அன்று மடியைக் கட்டியதும் இன்று கிரீஸை அடைப்பதும் வேறு வேறா? பொருள் மாறியது, செயல் மாறவில்லை.

விற்கும்போதே இருந்த குறையை வாங்கிய பிறகு கண்டவருக்குத் திருப்பும் உரிமை நம் ஃபிக்ஹில் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின்படி, கண்டதும் தாமதியாமல் திருப்ப வேண்டும். இரண்டு வாரம் ஓட்டிய எனது நிலைக்கு எது பொருந்தும் என்பது ஆலிம்களிடம் கேட்க வேண்டிய விஷயம். ‘உள்ளது உள்ளபடி’ என்று சொல்லி விற்பதன் சட்டமும் அவ்வாறே. ஆனால் தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதை எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் தலையைப் பிரித்தோம். பேரிங் ஜோடியும் பெல்ட்டும் மாற்றினோம். பல்சக்கரம் கிடைக்கவில்லை. அந்தப் பையனையே அழைத்து, பேக் கியரில் போட்டு, அதன் இரைச்சலைக் கேட்கச் செய்தேன். “தம்பி, இது இப்படித்தான் சத்தம் போடும். நேர் ஓட்டத்தில் குறையில்லை. இந்தப் பல்லுக்காக விலையில் இவ்வளவு குறைக்கிறேன்” என்றேன். அவர் இரண்டு முறை கேட்டார், டயல் கேஜ் வைத்துப் பார்த்தார், எடுத்துக்கொண்டார். அந்த வியாபாரத்தில் எனக்கு லாபமில்லை. ஆயினும் அடுத்த இயந்திரம் தேடியபோது அவர் என் கடைக்கே வந்தார். தம் நண்பரையும் அழைத்து வந்தார்.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவாக்கினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து. நம் தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்று ஒரே பெயர் அமைந்திருப்பது நல்ல பொருத்தம். இயந்திரத்தைத் தட்டிப் பார்க்கும் நாம் நம்மையும் ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொள்வோம். உள்ளே அடைத்து வைத்த கிரீஸ் என்றாவது உருகத்தான் செய்யும்.

வல்ல அல்லாஹ் நம் தொழிலை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.